சத்தம் கூடினால் கூட்டம் கூடுமா?

லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் தெருப் பாடகர்களுக்கு 2025 ஏப்ரலில் தடை விழுந்தது. பக்கத்து அலுவலகத்துக்குள் திரும்பத் திரும்ப அதே பாட்டுகள் புகுந்ததில், விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பாட்டின்மீதல்ல, ஒலிபெருக்கியின்மீதுதான் பழி சொல்ல வேண்டும்.

ரோலண்ட் நிறுவனத்தின் சிறிய ‘கியூப் ஸ்ட்ரீட்’ ஒலிபெருக்கிப் பெட்டி ஆறு பென்டார்ச் பேட்டரியில் ஓடும். மைக்குக்கு ஒரு வழி, கிதாருக்கு ஒரு வழி. மொத்தமே ஐந்து வாட். சுற்றி நிற்கும் சிறு கூட்டத்துக்கு அது போதாதா?

தரையில் வைத்தால் முன்வரிசைக் கால்களே பாட்டைத் தின்றுவிடும். ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும். பாடகரின் முதுகுக்குப் பின்னால் வைத்தாலோ மைக் ‘கூய்’ என்று ஊளையிடும்.

திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். அதை ஈடுகட்ட நான்கு மடங்கு வாட் தேவை. வால்யூமைத் திருகுவதைவிட, ஆட்களை நாலடி கிட்டே கூப்பிடலாம். பேட்டரியாவது மிஞ்சும்.