அழைக்காமற் போன தோழி

பிள்ளைகளுடன் கூடியிருந்து பார்க்கும் படத்தில் மரணம் வரலாகாது என்பது நம் பெற்றோர் பலரின் கொள்கை. அக்கொள்கையுடையோரும் ஒருமுறை பார்த்தற்குரிய ஆங்கிலச் சித்திரம், 2007ஆம் ஆண்டில் காபோர் சூப்போவின் நெறியாள்கையில் வெளிவந்த ‘பிரிட்ஜ் டு டெரபித்தியா’.

அமெரிக்க நாட்டுப்புறத்து ஏழைக் குடும்பமொன்றில் நான்கு பெண்பிள்ளைகளுக்கிடையே ஒரே மகன் ஜெஸ். சித்திரம் வரைவதில் ஆர்வமுள்ளவன். அயலிற் புதிதாய்க் குடிவந்த லெஸ்லி, ஓட்டப்பந்தயத்தில் அவனை வென்று, பின் உயிர்த்தோழியாகின்றாள். இருவரும் கயிறொன்றைப் பற்றி ஊசலாடி ஓடையைக் கடந்து, அக்கரைக் காட்டிலே தமக்கென ஓர் இராச்சியத்தைக் கற்பனையாற் படைக்கின்றனர். விளம்பரங்கள் இக்கற்பனை உருவங்களையே பெரிதுபடுத்தின. மாயாஜாலப் படமென எண்ணிச் சென்றோர் ஏமாந்திருப்பர். எம் கருத்தில் அவ்வுருவங்கள் இன்றியும் இப்படம் நிற்கும்.

ஒருநாள் சங்கீத ஆசிரியை ஜெஸ்ஸை நகரத்து நூதனசாலைக்கு அழைத்துச் செல்கின்றார். லெஸ்லியும் வரலாமா என்று அவன் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மகிழ்ச்சியோடு வீடு திரும்பியவனுக்கு, கயிறு அறுந்து அவள் ஓடையில் இறந்த செய்தி காத்திருக்கின்றது.

அவன் உடனே அழுதுவிடுவதில்லை. நம்ப மறுக்கின்றான், சினக்கின்றான், அன்போடு பின்தொடர்ந்த தங்கையைத் தள்ளி வீழ்த்துகின்றான். தான் அழைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்ற எண்ணமே அவனை வாட்டுகின்றது. பிரிவுத் துயரினும் கொடிது இது. இவ்வெண்ணத்தைப் பிள்ளைகள் எளிதில் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாமோ, சிறுபிள்ளைதானே, மறந்துவிடும் என்று தேறிக்கொள்கின்றோம்! ஜெஸ்ஸின் தந்தை கடுமையானவர். மகனைத் தழுவி அறியாதவர். தனக்கு நரகந்தானோ என்று காட்டில் விம்மும் மகனை அவர் அணைத்துக்கொண்டு, குற்றம் அவனதன்று எனத் தெளிவிக்கும் காட்சியே, எம் மனத்தில், படத்தின் சிகரம்.

இக்கதைக்குப் பின்னே மெய்யான துயரொன்றுண்டு. காதரின் பற்றேர்சன் என்னும் எழுத்தாளரின் மகன் டேவிட் எட்டு வயதுச் சிறுவனாயிருந்தபோது, 1974இல் அவனுடைய தோழி மின்னல் தாக்கி மாண்டாள். அவன் படும் பாட்டைக் கண்ட தாய் எழுதிய நாவல் 1977இல் வெளியாகி, மறு ஆண்டு ‘நியூபெரி’ பதக்கம் பெற்றது. முப்பதாண்டு கழித்து அதற்குத் திரைக்கதை எழுதியவருள் ஒருவர் அந்த டேவிட்டே.

மிகச் சிறியோரைத் தனியே பார்க்க விடாதீர்கள். பத்து வயதைக் கடந்தோர் பார்க்கலாம். ஆனால் படம் முடிந்தவுடன் படுக்கைக்கு அனுப்பிவிடாது, சற்று நேரம் அருகிலிருங்கள். அவர்கள் ஏதேனும் கேட்கக்கூடும்.