டைனோசர்களின் பெயர்களும் நம் கடனும்

பெயர்கள் இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இருவகைப்படும் என்பதனை நன்னூல் வழியே நாம் பயில்கிறோம். இப்பாகுபாடு பழந்தமிழ்ச் சொற்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டுவதில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபட்ட டைனோசர்களின் பெயர்களையும் இவ்வளவுகோல் கொண்டு நோக்கலாம். நோக்குங்கால், ஒரு பெயர் எதனால் நிலைபெறுகிறது, எதனால் வெறுஞ்சொல்லாகித் தேய்கிறது என்னும் உண்மை புலப்படும்.

2025ஆம் ஆண்டில் இந்திய மண்ணின் ஊனுண்ணி டைனோசர் ஒன்றுக்குப் புதிதாகப் பெயர் சூட்டப்பெற்றது. மலேரிராப்டர் குட்டியி என்பது அப்பெயர். ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகளுக்கு முன் இரு கால்களால் நடந்து இரை தேடிய இவ்விலங்கு, பின்னாளில் தோன்றிய பேருருவக் கொன்றுண்ணிகளோடு ஒப்பிடச் சிறியதே. தெலங்கானா மாநிலத்தின் பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கில், அன்னாரம் என்னும் சிற்றூரின் அருகே இதன் எலும்புகள் கிடைத்தன. அவற்றைக் கண்டெடுத்தவர் கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆய்வாளர் டி.எஸ். குட்டி ஆவார். 2011இல் அவ்வெலும்புகள் ஆய்வுலகிற்கு விவரிக்கப்பெற்றன. தனிப்பெயர் வாய்க்க மேலும் 14 ஆண்டுகள் ஆயின.

இப்பெயரைப் பகுத்துப் பார்ப்போம். 'மலேரி' என்பது எலும்புகள் கிடைத்த பாறையடுக்கின் பெயர். 'ராப்டர்' என்பது பறித்துச் செல்வோன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல். 'குட்டி' என்பது ஈண்டு உருவச் சிறுமையைக் குறித்ததன்று. கண்டெடுத்தவரின் பெயரே அது. ஆடவர் பெயரோடு 'இ' என்னும் ஈற்றைச் சேர்ப்பது இலத்தீன் மரபு. ஆக, இடமும் இயல்பும் மனிதரும் ஒரு பெயருள் அடங்கிவிட்டனர். இதனினும் சிறந்த காரணப் பெயர் யாது?

மலேரிராப்டரின் இனத்திற்கு ஹெர்ரெராசார்கள் என்று பெயர். அர்ஜென்டினா நாட்டில் ஆடு மேய்த்து வாழ்ந்த விக்டோரினோ ஹெர்ரெரா என்பவர் பாறையிடையே எலும்புகளைக் கண்டு ஆய்வாளர்க்குக் காட்டினார். 1963இல் அவ்விலங்கிற்கு ஹெர்ரெராசாரஸ் என்று பெயரிட்டனர். இன்று ஓர் இனம் முழுவதுமே அந்த ஆயரின் பெயரால் வழங்குகிறது. பட்டமும் பதவியும் இல்லாத ஒருவர் கண்டதைக் கண்டபடி உரியவரிடம் சேர்த்தமைக்கு அறிவுலகம் செலுத்திய நன்றிக்கடன் இது. இந்தியாவிலும் இத்தகைய நன்றியறிதல் உண்டு. பெரிய கால் எனப் பொருள்படும் பாராபாசாரஸ், 1975இல் பெயர் பெற்றபோது கவிஞர் தாகூரின் நினைவாக 'டகோரி' என்னும் அடைமொழியையும் பெற்றது.

பெயரிடுதற்கு உலகு தழுவிய விதிகளும் உள. முந்தியிட்ட பெயரே நிற்கும். விலங்குலகில் ஒரு பெயரை இரு பேரினங்களுக்கு இடலாகாது. 1987இல் இதே மலேரிப் பாறையிலிருந்து கிடைத்த மற்றொரு சிறு டைனோசருக்கு, ஆங்கில அறிஞர் அலிக் வாக்கர் நினைவாக வாக்கேரியா என்று பெயரிட்டனர். அப்பெயர் முன்னரே ஒரு நுண்ணிய நீர்வாழ் உயிரிக்கு உரியதாயிருந்தமையால், 1994இல் அதனை ஆல்வாக்கேரியா என்று மாற்ற நேர்ந்தது. மறுபுறம், காரணம் பிழைத்த பெயரும் நிலைத்துவிடுவதுண்டு. 1842இல் ரிச்சர்டு ஓவன் இட்ட டைனோசர் என்னும் பெயருக்கு அச்சந்தரும் பல்லி என்பது பொருள். டைனோசர்கள் பல்லிகள் அல்ல என்பது இன்று தெளிவு. ஆயினும் அப்பெயர் இடுகுறி போல நின்று வழங்குகிறது.

இனி நம் தமிழகத்திற்கு வருவோம். அரியலூர்ப் பகுதியில் கிடைத்த எலும்புகளுக்கு 1979இல் திராவிடோசாரஸ் என்று பெயரிட்டனர். முதுகில் தகடுகள் கொண்ட டைனோசர் என்று கருதப்பட்ட அது, கடல்வாழ் ஊர்வனவாகலாம் என்று 1996இல் வேறு ஆய்வாளர் மறுத்தனர். கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகள் புருகத்காயோசாரஸ், அஃதாவது பேருடல் கொண்டது, என்னும் பெயர் பெற்றன. முதலில் ஊனுண்ணியாகவும் பின்னர்த் தாவரவுண்ணியாகவும் அது கருதப்பட்டது. இவ்வையங்களைத் தீர்க்க மூல எலும்புகளை மீண்டும் ஆராய்தல் வேண்டும். அந்தோ! கல்லமேட்டு எலும்புகள் சிதைந்தழிந்தன. வரைபடங்களும் ஒளிப்படங்களுமே எஞ்சியுள்ளன. பேருடல் என்று பெயர், காட்டுதற்கு உடலில்லை!

நம் நாட்டார் பெயரும் நம் இனத்தின் பெயரும் டைனோசர்களுக்கு வழங்குகின்றன என்று பெருமிதம் கொள்வாரை நாம் குறை கூறவில்லை. ஆயின், பெயருக்கு அடிநிலை சான்றுப்பொருளே என்பதை அவர்கள் மறத்தலாகாது. பொருள் காக்கப்படாதவிடத்துப் பெயர் காற்றில் எழுதிய எழுத்தாகும். அன்னாரத்து எலும்புகளோ காக்கப்பட்டமையாலன்றோ 2011இல் பெயரின்றி நின்றவை 2025இல் பெயர் பெற்றன!

இஃது எங்கோ நிகழும் செய்தியன்று. படப்பையைச் சூழ்ந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் பெயரே நிலவியல் நூல்களில் ஒரு பாறையடுக்கின் பெயராக வழங்குகிறது. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தவையான செடிகளின் இலைப் பதிவுகள் அவ்வடுக்கின் களிப்பாறைகளில் உள்ளன. படப்பை என்னும் சொல்லுக்குத் தோட்டம் என்பது பொருள். இவ்வட்டாரத்து மண்ணுள்ளும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு தோட்டம் புதைந்து கிடக்கிறது! ஒரகடம் வரையிலும் தொழிற்சாலைகள் எழுகின்றன. அடித்தளத்திற்கென நிலம் அகழப்படுகிறது. தொழில் வளர்ச்சி நமக்கு வேண்டுவதே; நம் பிள்ளைகள் பலர்க்கு வாழ்வளிப்பது அது. எனினும் அகழ்ந்த மண்ணோடு அரிய சான்றுகளும் நிரப்புமண்ணாகிப் போதல் முறையோ?

எனவே நாம் வேண்டுவன இவை. கிணறும் அடித்தளமும் தோண்டுமிடத்து இலைப் பதிவுடைய கல் கிடைப்பின், மாணவர்கள் அதனை உடைக்காது, ஊரும் ஆழமும் நாளும் குறித்துக் கல்லூரியில் ஒப்படைத்தல் வேண்டும். ஆசிரியர்கள் அதனை நிலவியல் வல்லுநர்க்குக் காட்டுதல் வேண்டும். ஊர்ப் பெரியோர், நிலம் அகழ்வோரிடம் இதனை எடுத்துரைத்தல் வேண்டும். தமிழ்த்துறையினர், அறிவியற் பெயர்களைத் திரிபின்றித் தமிழில் எழுதும் ஒழுங்கினை வகுத்து, அவற்றின் காரணங்களையும் விளக்குதல் வேண்டும்.

ஆடு மேய்த்தவர் ஒருவர் தாம் கண்ட எலும்பைப் போற்றியமையால் ஓர் இனமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் காலடியில் கிடப்பனவும் வருங்காலத்தார்க்காக நம்மிடம் வைக்கப்பட்ட அடைக்கலப் பொருள்களே. அவற்றைக் காத்துக் கையளிப்போம். பெயர் தானே வந்து சேரும்.