எங்கிருந்து அளந்த உயரம்?

இமயமலையில் உயரத்தைச் சொல்லும் எண்களுக்குப் பஞ்சமில்லை. கணவாய்தோறும் ஒரு பலகை. மலைப்பயண நிறுவனங்களின் துண்டறிக்கைதோறும் முகாம்களின் உயரம். கைப்பேசிதோறும் ஒரு செயலி. ஆனால் அந்த எண் எந்தப் பரப்பிலிருந்து அளக்கப்பட்டது, எவ்வாறு அளக்கப்பட்டது, எவ்வளவு பிழைபடக்கூடும் என்னும் மூன்று செய்திகளை எங்கும் காண இயலாது. இம்மூன்றும் இல்லாத எண்ணை அளவீடு என்பது தகாது. அது வெறும் விளம்பரம்.

லடாக்கின் கர்துங் லா கணவாயை எடுத்துக்கொள்ளலாம். வாகனம் செல்லும் சாலைகளில் உலகிலேயே உயர்ந்தது என்ற முழக்கத்துடன் அங்கு நெடுங்காலம் நின்ற பலகை 18,380 அடி, அதாவது 5,602 மீட்டர் என்றது. தனித்தனியே செய்யப்பட்ட செயற்கைக்கோள் அளவீடுகள் யாவும் 5,359 மீட்டரை ஒட்டியே அமைந்தன. வேறுபாடு 243 மீட்டர். பின்னர் வந்த பலகை 17,982 அடி எனக் குறைத்துக்கொண்டது. அதுவும் ஏறத்தாழ 120 மீட்டர் மிகை. பிழையைத் திருத்துவதாக எழுந்த பலகையே பாதிப் பிழையோடு நிற்கிறது.

இது நிகழ்வது எந்த நாட்டில் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1802இல் சென்னையில் அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய முக்கோண அளவைப் பணி, அரை நூற்றாண்டுக்குப் பின் இமயத்தை எட்டியது. ராதாநாத் சிக்தார் கணித்துக் கொடுத்த பதினைந்தாம் சிகரத்தின் உயரம் 29,002 அடி என 1856இல் அறிவிக்கப்பட்டது. இன்றைய எவரெஸ்ட் உயரமான 8,848.86 மீட்டரோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஒன்பது மீட்டரே. நூறு மைல்களுக்கு அப்பால் சமவெளியில் நின்று தியோடலைட்டால் நோக்கியவர்களின் பிழை 9 மீட்டர். கணவாயின் மீதே நின்று பலகை நட்டவர்களின் பிழை 243 மீட்டர். கருவிகள் வளர்ந்திருக்கின்றன. பொறுப்புணர்வு தேய்ந்திருக்கிறது.

சுற்றுலாப் பயணியை மகிழ்விக்கச் சற்றே கூட்டிச் சொல்வதால் யாருக்கு என்ன கேடு என்று கேட்போர் உண்டு. மலையில் உயரம் என்பது வழி காட்டும் கருவி என்பதை அவர்கள் அறியார். மூடுபனியில் கண் உதவாதபோது, வரைபடத்தின் சமஉயரக்கோடும் கையிலுள்ள உயரமானியும் சேர்ந்தே நடப்பவரின் இடத்தைச் சொல்கின்றன. அந்த உயரமானி உண்மையில் ஒரு காற்றழுத்தமானி. அழுத்தத்தை மட்டுமே அது அறியும். உயரத்தை அதற்கு நாம்தான் கற்பிக்க வேண்டும். உயரம் தெரிந்த ஓரிடத்தில் நின்று, அந்த உயரத்துக்கு அதைத் திருத்தி வைத்த பின்னரே அது பயன்படும்.

தவறான பலகையின் கேடு இங்குதான் தொடங்குகிறது. 243 மீட்டர் மிகையான பலகையை நம்பி ஒருவர் கருவியைத் திருத்தி வைத்துக்கொண்டு இறங்குகிறார் என்று கொள்வோம். 4,900 மீட்டரில் மலைமுகட்டை விட்டு இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்கிறது வரைபடம். கருவி 4,900 காட்டும்போது அவர் நிற்பது 4,657 மீட்டரில். திரும்ப வேண்டிய இடம் மேலே எங்கோ பனிக்குள் மறைந்துவிட்டது. கருவி பொய் சொல்லவில்லை, கற்பித்ததையே ஒப்பித்தது. பலகையின் பிழை அன்று முழுவதும் அவரோடு நடந்து வந்தது.

சரியான பலகை இருந்தாலும் உயரமானிக்கு வேறு குறைகள் உண்டு என்பதால், சரியான பலகைகள் வழிநெடுகத் தேவைப்படுகின்றன. உலகத் தர வளிமண்டலம் என்ற கற்பனை அமைப்பை வைத்தே அக்கருவி கணக்கிடுகிறது. கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸ், ஆயிரம் மீட்டர் ஏறினால் 6.5 பாகை குறைவு என்பது அதன் விதி. அவ்விதிப்படி லேயின் உயரமான 3,500 மீட்டரில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 8 பாகை இருக்க வேண்டும். ஜூலை மாதத்து லே அப்படியா இருக்கிறது? காற்று விதியைவிடப் பத்துப் பாகை வெம்மையாக இருந்தால், ஏறிய உயரத்தில் நூற்றுக்கு நான்கு மீட்டர் குறைத்துக் காட்டும். இருபது பாகையாயின் எட்டு. ஆயிரம் மீட்டர் ஏறியவருக்கு அது 920 என்றே சொல்லும். இதற்கு மருந்து ஒன்றே: உயரம் அறிந்த இடங்களை அடையும்போதெல்லாம் மீண்டும் திருத்துவது. இரவு முழுதும் அசையாத கூடாரத்துக்குள் உயரமானி 40 மீட்டர் ஏறியதாகக் காட்டினால், கூடாரம் ஏறவில்லை, அழுத்தம் இறங்கியிருக்கிறது, வானிலை கெடக்கூடும் என்று உணரவும் அந்த அறிந்த உயரமே துணை.

செயற்கைக்கோள் இருக்க இத்தொல்லை எதற்கு என்பது அடுத்த வாதம். ஜிபிஎஸ் கருவி முதலில் கணக்கிடுவது கடல்மட்டத்திலிருந்து உயரத்தை அன்று. புவிக்கு ஒப்பாகக் கணித நூலார் வகுத்த நீள்கோளத்திலிருந்து உயரத்தை. உண்மையான கடல்மட்டத்தைக் குறிக்கும் ஜியாய்டு என்னும் பரப்பு, புவியீர்ப்பின் ஏற்றத்தாழ்வுக்கேற்ப மேடு பள்ளமானது. அதன் உலகிலேயே ஆழமான பள்ளம் இந்தியாவுக்குத் தெற்கே பெருங்கடலில் இருக்கிறது. நீள்கோளத்துக்கு ஏறத்தாழ 106 மீட்டர் கீழே. திருத்தம் செய்யாத கருவி சென்னைக் கடற்கரையில் நிற்பவரை 80 மீட்டருக்கும் கீழே புதைந்தவராகக் காட்டும். எவரெஸ்ட் பகுதியில் இவ்வேறுபாடு 30 மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆண்ட்ராய்டு நெடுங்காலம் செயலிகளுக்கு நீள்கோள உயரத்தையே தந்தது. கடல்மட்ட உயரத்தைத் தனியே தரும் வசதி 14ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. ஒரே முகாமில் இரண்டு கைப்பேசிகள் இரண்டு உயரங்கள் சொல்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இதற்கு மேல் வடிவியல் குறை ஒன்றும் உண்டு. கோள்கள் தலைக்கு மேலேயே இருக்கின்றன. காலுக்குக் கீழே எதுவும் இல்லை. ஆகவே உயரத்தின் பிழை கிடைமட்டப் பிழையினும் எப்போதும் மிகுதி. குறுகிய பள்ளத்தாக்கில் பாறையில் பட்டுத் தெறிக்கும் அலைகள் அதை மேலும் கெடுக்கும்.

பிழையின் விலையை உடலும் செலுத்துகிறது. மூவாயிரம் மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது என்பது மலைநோய் மருத்துவத்தின் பொது அறிவுரை. கீழ் முகாமின் உயரத்தை நூறு மீட்டர் கூட்டியும் மேல் முகாமின் உயரத்தை நூறு மீட்டர் குறைத்தும் எழுதிய துண்டறிக்கையில், 600 மீட்டர் ஏற்றம் 400 ஆகிவிடும். விதியைக் கடைப்பிடித்ததாக நம்பியே ஒருவர் விதியை மீறுவார்.

எல்லைப்பகுதி உயரங்களை வெளியிடலாகாது என்ற பழைய சாக்கு இனிச் செல்லாது. 2021 பிப்ரவரியில் இந்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள், துல்லியத்துக்கான வரம்பைக் கிடைமட்டத்தில் 1 மீட்டர், உயரத்தில் 3 மீட்டர் என்று வகுத்துள்ளன. மூன்று மீட்டரைப் பற்றிக் கவலைப்படும் அரசு, கணவாயில் நூறு மீட்டர் பிழையைப் பலகையாக நிறுத்தி வைப்பது முரண்.

செய்ய வேண்டியது பெரும் பொருட்செலவு கோருவதன்று. ஒவ்வொரு கணவாயிலும் மலைப்பாதைத் தொடக்கத்திலும் நிலையான முகாமிலும் இந்திய நில அளவைத் துறை அளந்து உறுதிசெய்த உயரம் பொறிக்கப்பட வேண்டும். அதனோடு அடிப்படைப் பரப்பும், அளந்த ஆண்டும், பிழை எல்லையும் இருக்க வேண்டும். அவ்வெண்கள் கட்டணமின்றி எவரும் பெறத்தக்க பொதுப்பட்டியலாக வேண்டும். மலைப்பயணம் நடத்த உரிமம் பெறுவோர் அப்பட்டியலின் உயரங்களையே தம் அறிக்கைகளில் தர வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனையாக வேண்டும். அதுவரை, பலகையில் உயரத்தைக் காணும் ஒவ்வொருவரும் அதைப் படம் பிடிக்குமுன் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அறிவுடைமை.