பாமினியில் அடிச்சது தமிழில்லை

போன செமஸ்டர் எங்கள் பட்ச் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு ரியூட் வந்தது. பதினாறு பக்கம், வேர்ட் ஃபைல். வழக்கமாக போனில் படம் எடுத்து, அதுவும் பாதி நிழல் விழுந்தபடி, ஒவ்வொரு பக்கமாகத்தான் வரும். இந்த முறை வேர்டிலேயே வந்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோசம். காரணம், எங்கள் பட்சில் விழிப்புலனற்ற நண்பன் ஒருவன் இருக்கிறான். படமாக வந்தால் அவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. வேர்ட் என்றால் அவனுடைய லப்டொப்பில் இருக்கிற என்விடிஏ வாசித்துவிடும். "மச்சான், இந்த முறை உனக்கு நான் வாசிச்சுக் காட்டத் தேவையில்லை" என்று எழுதி அனுப்பினேன்.

பத்து நிமிசத்தில் பதிலுக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. அவன் ஒன்றும் கதைக்கவில்லை. லப்டொப் கதைத்ததைத்தான் ரெக்கோர்ட் பண்ணி அனுப்பியிருந்தான். தமிழுமில்லை, ஆங்கிலமுமில்லை. ஒட்டாத ஆங்கில எழுத்துக்களை ஒட்டி வாசிக்கப் பார்த்து ஒரு இயந்திரம் திணறுகிற சத்தம்.

ரியூட் பாமினியில் அடிக்கப்பட்டிருந்தது.

என்விடிஏயைக் குறை சொல்ல ஏலாது. மைக்கல் கரன் என்ற விழிப்புலனற்ற அவுஸ்திரேலியர் 2006இல் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான் அது. அதோடு வருகிற குரல், கொஞ்சம் ரோபோத்தனமாக என்றாலும், தமிழை வாசிக்கும். பிரச்சினை என்னவென்றால் அந்தப் பதினாறு பக்கத்தில் தமிழ் இருக்கவேயில்லை. பாமினியில் "தமிழ்" என்று அடிக்கும்போது கணினி உள்ளே சேமித்து வைப்பது ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. அந்த எழுத்துக்களின் முகத்தில் தமிழ் எழுத்தின் படத்தை ஒட்டிவைத்திருப்பதுதான் பாமினி. எழுத்துருவை டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றிப் பாருங்கோ, முகமூடி கழரும். கண் தெரிகிற எங்களுக்கு அந்த முகமூடி போதும். அவனுக்குக் கிடைப்பது உள்ளே இருப்பது மட்டும்தான்.

யுனிகோடில் தமிழுக்கென்றே சொந்தமாக எண்கள் இருக்கின்றன. இது புதுச் சங்கதி இல்லை. 1991இல் வந்த முதல் யுனிகோட் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. விண்டோஸ் 2000 வரும்போது லதா எழுத்துருவும் கூடவே வந்தது. எங்கள் பட்சில் யாரும் அப்போது பிறந்துகூட இருக்கவில்லை.

பாமினியை நக்கலடிக்க நான் இதை எழுதவில்லை. எங்கட அச்சகங்கள் பேஜ்மேக்கரில் வேலை செய்தன. அதன் கடைசிப் பெரிய பதிப்பான ஏழு 2001இல் வந்தது, அதற்கு யுனிகோட் தமிழ் விளங்காது. அந்தக் காலத்தில் சிறுசஞ்சிகையோ கவிதைத் தொகுப்போ கல்வெட்டோ அடிப்பதென்றால் இப்படியான எழுத்துருக்கள்தான் கைகொடுத்தன. அந்தக் கடன் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்டிசைன் 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பிலிருந்தே தமிழை ஒழுங்காகக் கோர்க்கிறது. இன்னமும் அந்தக் காலத்து க்ரக் பண்ணின மென்பொருளை வைத்துக்கொண்டு "யுனிகோட் போட்டா எழுத்து உடையுது" என்று சொல்வதில் நியாயமில்லை.

போஸ்டருக்குப் பாமினி போடுங்கோ, பிரச்சினையே இல்லை. போஸ்டர் பார்க்கிறதுக்கு. ரியூட் வாசிக்கிறதுக்கு.

அன்றைக்கு அந்த ஃபைலை எடுத்து, இணையத்தில் இருக்கிற ஒரு மாற்றியில் போட்டு யுனிகோடாக மாற்றினேன். தமிழ் நன்றாகவே வந்தது. ஆனால் மாற்றிக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது, எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடும். ஆங்கிலத்தில் மார்க்ஸ் என்று இருந்த இடமெல்லாம் "ஆயசஒ" ஆகிவிட்டது. அவசரத்தில் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். இரவு பதினொரு மணிக்கு அவன் கோல் எடுத்தான். "மச்சான், ஆரடா இந்த ஆயசஒ? சோதினைக்கு வருமா?" அதன்பிறகு இருந்து ஒவ்வொரு பெயராகத் திருத்தி முடிக்க இரண்டு மணித்தியாலம் போனது. இது ஒரு ரியூட்டுக்கு. ஒரு செமஸ்டருக்கு எத்தனை ரியூட் என்று உங்களுக்கே தெரியும்.

(பாமினியில் அடித்த ஒப்படையைக் கொப்பி பிடிக்கிற எந்த மென்பொருளாலும் பிடிக்க ஏலாது என்று எங்கள் பட்சில் சிலர் பெருமைப்படுவதுண்டு. அது உண்மையாகக்கூட இருக்கலாம். அதேமாதிரி நாளைக்கு ஒருவர் உங்கள் ஆய்வைத் தேடினாலும் கிடைக்காது.)

சேரிடம் போய்ச் சொன்னேன். கோபிப்பார் என்று பயந்துதான் போனேன். அவர் ஆச்சரியப்பட்டார். "நான் கையால எழுதித்தான் குடுக்கிறனான், அடிக்கிறது வெளியில" என்றார். ஆக, கம்பஸ் வாசலுக்கு முன்னால் இருக்கிற கொமினிகேஷன் அக்கா.

அந்த அக்காவைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். திரையைப் பார்க்காமல், எங்களோடு கதைத்துக்கொண்டே, பிழையில்லாமல் அடிப்பார். பாமினி அவர் விரலில் இருக்கிறது. அவரிடம் போய் "யுனிகோடுக்கு மாறுங்கோ" என்று சொன்னால், அது அவருக்கு "எல்லாத்தையும் மறந்துபோட்டு முதலில இருந்து பழகுங்கோ" என்றுதான் கேட்கும். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற ஒருவர் ஏன் மாறவேண்டும்? ஆனால் அப்படிப் பழகத் தேவையேயில்லை. என்எச்எம் ரைட்டர், ஏ-கலப்பை இரண்டிலும் பாமினி விசை முறையே இருக்கிறது. அதே விரல், அதே விசை, உள்ளே சேமிபடுவது மட்டும் உண்மையான தமிழ். இரண்டும் இலவசம். யுனிகோட், டிஜிட்டல் தமிழ் என்றெல்லாம் பேஸ்புக்கில் மணிக்கணக்காக எழுதுகிற நாங்கள் யாரும், ஐந்து ரூபாய்க்குப் போட்டோக்கொப்பி அடிக்கப் போகிற நேரத்தில் அவரிடம் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும்தான். மூன்று வருசமாக அந்தக் கடைக்குப் போகிறேன்.

பென்ட்ரைவில் ஏ-கலப்பையைக் கொண்டுபோனேன். அக்கா நம்பவில்லை. ஒரு வரி அடித்தார். எழுத்துருவை மாற்றினார். தமிழ் தமிழாகவே இருந்தது. இன்னொரு தரம் மாற்றிப் பார்த்தார்.

"தம்பி, கை ஒண்டும் மாறேல்லையே."

"ஓம் அக்கா, அதுதான் விசயம்."

"அது சரி. ஆனா உங்கட ஆக்கள் வந்து பாமினி எண்டுதானே கேக்கினம். உங்கட பேப்பரிலயே அப்பிடித்தானே போட்டிருக்கு. நான் மாத்தி அடிச்சுக் குடுத்து அவை ஏத்துக்கொள்ளாட்டி ஆர் காசு தாறது?"

அவர் சொன்ன பேப்பர், இறுதியாண்டு ஆய்வேட்டுக்கான வழிகாட்டி. அதில் தமிழுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: எழுத்துரு பாமினி, அளவு 12. அதனால் நாங்கள் போனிலே யுனிகோடில் எழுதி, சிலர் வாயால் சொல்லியே அடித்து, கடைசியில் அதைப் பாமினிக்கு மாற்றிக் கொடுக்கிறோம். தமிழாக இருந்ததைக் கஷ்டப்பட்டுத் தமிழில்லாமல் ஆக்கி, கறுப்பு மட்டை போட்டு, சீடியும் இணைத்து நூலகத்தில் வைக்கிறோம்.

அந்த வரியை "யுனிகோட், அளவு 12" என்று மாற்றக் கேட்டு எங்கள் பட்ச் ஒரு கடிதம் எழுதியிருக்கிறது. முப்பத்தெட்டுப் பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.

அடுத்த வருசம் என் நண்பனுக்கும் ஆய்வேடு இருக்கிறது. அவன் எங்களைவிட வேகமாக அடிப்பான், என்விடிஏ ஒவ்வொரு எழுத்தையும் சொல்லச் சொல்ல, யுனிகோடில். இப்போது இருக்கிற வழிகாட்டியின்படி என்றால், முழுவதையும் எழுதி முடித்த பிறகு, தான் எழுதினதைத் தானே திருப்பி வாசிக்க ஏலாத ஒரு ஃபைலாக மாற்றித்தான் அவன் அதைக் கையளிக்கவேண்டும்.