டிரஸ்ஸரின் பெயர் என்ன?



சென்ற மாதம் சிலாங்கூரின் புக்கிட் ரோத்தானிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதியது. “எங்கம்மா குடியாத்தம் பக்கம் சின்னப் புள்ளையா இருந்தப்போ, ரோட்டோர மரத்தடியில ஒரு வெள்ளக்கார டாக்டரம்மா கண்ணுக்கு மருந்து போட்டுச்சாம். அது யாரு தம்பி? உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும் பாட்டி. ஐடா ஸ்கடராக இருக்கும். இல்லையென்றால் அவர் கூட வந்த டாக்டர்களில் ஒருவராக இருக்கும். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண்மணி ஐடா. தாத்தா ஜான் ஸ்கடர் மிஷனரி மருத்துவராக 1819-லேயே இலங்கைக்குக் கப்பலேறியவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து ஐடாவின் வீட்டுக் கதவைத் தட்டியதும், ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மூன்று பிரசவங்களிலும் தாய்மார் இறந்துபோனதும், அதனால் ஐடா மருத்துவம் படிக்கப் போனதும் பலருக்கும் தெரிந்த கதை. மேடையில் சொல்ல ஏற்ற கதை. எனக்கென்னவோ அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது.

1900-ல் டாக்டராகத் திரும்பி வந்தார். 1902-ல் வேலூரில் 40 படுக்கைகளோடு பெண்களுக்கான ஆஸ்பத்திரி திறந்தார். அங்கேயே உட்கார்ந்திருந்தாலும் கூட்டம் வந்திருக்கும். ஆனால் நடக்க முடியாதவனும் வண்டிக்கூலி இல்லாதவளும் வேலூருக்கு எப்படி வருவார்கள்? 1909-ல் ஒரு சின்ன பியூஜோ கார் கிடைத்தது. மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வாராவாரம் குடியாத்தம் சாலையில் கிளம்பினார். வழியில் இந்த ஊருக்கு இந்த மரம் என்று ஆயிற்று. கண்நோய்க்காரர், புண்ணோடு வந்தவர், பிள்ளையைத் தூக்கி வந்த தாய், ஊருக்குள் சேர்க்காத தொழுநோயாளி எல்லாரும் அந்த நிழலில் காத்திருப்பார்கள். போன வாரம் கட்டிய கட்டை இந்த வாரம் பிரித்துப் பார்க்க அதே டாக்டர் வருவார் என்ற நம்பிக்கைதான் சனங்களை அங்கே உட்கார வைத்தது.

மதம் பரப்ப வந்தவர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். மிஷன் அனுப்பித்தான் வந்தார், அதை அவர் ஒளிக்கவும் இல்லை. ஆனால் மரத்தடிக்கு வந்தவர்கள் எல்லா மதத்தாரும்தான். 1918-ல் அவர் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். முதல் அணியில் கடைசிவரை நின்ற 14 பெண்களும் தேறினார்கள். தான் போன பிறகும் வேலை நிற்காதபடி அந்த ஊர்ப் பெண்கள் கையிலேயே மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனார் என்பதற்காகவே நான் அவரைக் கும்பிடுவேன்.

பாட்டியின் அம்மா பின்னாளில் கப்பலேறி வந்து இறங்கிய சிலாங்கூரிலும் அப்போது ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். மால்கம் வாட்சன், ஸ்காட்லாந்துக்காரர். இவர் வேறு ரகம். சர்க்கார் டாக்டராக 1901-ல் கிள்ளானுக்கு வந்தார். அவருடைய வேதம் கொசுதான். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் கண்டுபிடித்துச் சில வருடங்களே ஆகியிருந்தன. வாட்சன் சதுப்பில் வாய்க்கால் வெட்டினார், காட்டைத் திருத்தினார். கிள்ளானிலும் அதன் துறைமுகத்திலும் 1901-ல் 582 பேர் இறந்தார்கள். மறு வருடம் 144.

கடலோரச் சமவெளியில் இது பலித்தது. ஜெராம், கோலா சிலாங்கூர் எல்லாம் அதே சமவெளியின் தொடர்ச்சிதான். அங்கே காய்ச்சலைப் பரப்பிய கொசு காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடும். மரத்தை வெட்டி நீரை வடித்தால் அது ஒழிந்தது. ஆனால் கெர்லிங், கலும்பாங் மாதிரி மேட்டுப் பூமியில் கதை தலைகீழ். அங்குள்ள கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த ஓடைதான் வேண்டும். ரப்பருக்காகக் காட்டை அழிக்க அழிக்க அங்கே காய்ச்சல் கூடியது. ஆகவே ஓடையைக் குழாய் வைத்து மண்ணுக்குள் ஓட விட்டார்கள், வெளியே ஓடிய நீரில் எண்ணெய் தெளித்தார்கள். ஒரு மாநிலத்துக்குள்ளேயே ஒரே நோய்க்கு இரண்டு வைத்தியம்! மண்ணைப் பார்க்காமல் மருந்து சொல்லாதே என்று வாட்சன் கற்றுக்கொண்ட இடம் நம் தோட்டங்கள்.

1924-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. தகுதியானவர்தான், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த வாய்க்கால்களை வெட்டியது யார்? எண்ணெய் டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு ஓடை ஓடையாக நடந்தவர் யார்? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மலேரியாவுக்குக் கொயினா மாத்திரையைக் கொடுத்து, முழுங்கிவிட்டாயா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த டிரஸ்ஸர் யார்? வெள்ளைக்கார டாக்டர் எப்போதாவதுதான் தோட்டத்துக்கு வருவார். மற்ற நாளெல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் டிரஸ்ஸர்தான். பால்கத்தி பட்ட விரலுக்கும் அவர்தான், பாம்புக் கடிக்கும் அவர்தான், நடுராத்திரி கதவைத் தட்டினால் மருத்துவச்சியோடு லயத்துக்கு வந்து நிற்பவரும் அவர்தான். ஆயாக் கொட்டகையில் ஐம்பது பிள்ளைகளுக்குப் பால் கலக்கி, எந்தப் பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்று தொட்டுச் சொன்ன ஆயாவையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாங் பெர்ஜுந்தை இன்று பெஸ்தாரி ஜெயா. இந்த நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது அங்குள்ள தென்னமாரம் தோட்டத்தில், 1917-ல். நட்ட பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியேயின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அதே தோட்டத்து டிரஸ்ஸரின் பெயரைக் கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, சனங்கள் தாமானுக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பெயர்களைத் தெரிந்தவர்கள் இப்போது எழுபதிலும் எண்பதிலும் இருக்கிறார்கள்.

பாட்டி கடிதத்தின் கடைசியில், “எங்க தோட்டத்து டிரஸ்ஸரைப் பத்தியும் எழுதுங்க” என்று ஒரு வரி சேர்த்திருந்தார். பெயரை மட்டும் எழுத மறந்துவிட்டார். பாட்டியிடம் கேட்டு எழுதும்படி பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

வாசகர்களே, உங்களிடமும் அதையே கேட்கிறேன். கோலா சிலாங்கூர், ஈஜோக், தஞ்சோங் காராங், உலு சிலாங்கூர் எந்தத் தோட்டமானாலும் சரி, உங்கள் டிரஸ்ஸர், மருத்துவச்சி, ஆயா, எண்ணெய் தெளித்தவர் இவர்களில் ஒருவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள். பெயர், தோட்டம், ஏறக்குறைய எந்த வருடம், நினைவில் நிற்கும் ஒரு சம்பவம் போதும். தமிழ் பிழையாக இருந்தால் நாங்கள் திருத்திக்கொள்கிறோம். படம் இருந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள், மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்