விளக்கெண்ணெய்க்கும் வேகம் வரும்

மந்தமாக இருப்பவனை 'சரியான விளக்கெண்ணெய்' என்று திட்டுகிறோம் இல்லையா? அந்தத் திட்டில் கொஞ்சம் அறிவியலும் இருக்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் விளக்கெண்ணெயின் பாகுநிலை தண்ணீரைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு.

பாகுநிலை என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. ஓடும் திரவத்தை அடுக்கி வைத்த தாள்கள் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடுக்கு இன்னொன்றின் மேல் நழுவும்போது உண்டாகும் உராய்வுதான் அது. நிறைய பேர் இதை அடர்த்தியோடு குழப்பிக்கொள்கிறார்கள். நானும்தான். எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது, ஆக அடர்த்தி குறைவு. ஆனால் தண்ணீரை விட மெதுவாக ஒழுகுகிறது, ஆக பாகுநிலை அதிகம்.

சரி, பி.காம் படிக்கிற நமக்கு இது எதற்கு? பாஸ்டன் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தை ஒட்டி 1915ல் ஒரு எஃகுத் தொட்டி கட்டினார்கள். 50 அடி உயரம், 90 அடி விட்டம். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸ் பாகைச் சேமிக்க. கட்டுமானத்தை மேற்பார்வை பார்த்த ஆர்தர் ஜெல் பொறியாளர் இல்லை, கம்பெனியின் பொருளாளர்! வரைபடம் படிக்கத் தெரியாதவர். நிரப்பிச் சோதிக்காமல் 6 அங்குலம் தண்ணீர் விட்டுப் பார்த்ததோடு சரி. தொட்டி ஒழுகியது. ஒழுகல் தெரியாமலிருக்க பழுப்பு பெயின்ட் அடித்தார்கள்.

1919 ஜனவரி 15, மதியம். தொட்டி பிளந்தது. சுமார் 87 லட்சம் லிட்டர் பாகு 25 அடி உயர அலையாக, மணிக்கு 35 மைல் வேகத்தில் தெருவுக்குள் பாய்ந்தது என்கிறார்கள். 21 பேர் செத்துப்போனார்கள். 150 பேருக்குக் காயம்.

"பாகுதானே, மெதுவாத்தானே ஓடும்?" என்று நினைப்போம். இங்கேதான் ஏமாறுகிறோம். பாகுநிலை ஒரு தடை, அவ்வளவுதான். பூட்டு அல்ல. தண்ணீரைப் போல கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கனமான பாகு, அத்தனை உயரத்திலிருந்து ஒரேயடியாகச் சரிந்தால் அந்த உராய்வு எடுபடாது. அலை பரவி வேகம் குறைந்த பிறகுதான் பாகுநிலை தன் வேலையைக் காட்டியது. குளிரக் குளிரப் பாகு இறுகும். ஜனவரிக் குளிரில் சிக்கியவர்களால் அசைய முடியவில்லை. மீட்க வந்தவர்களும் அதே பாகில் திணறினார்கள். பாய்ந்தும் கொன்றது, இறுகியும் கொன்றது.

யாரோ குண்டு வைத்துவிட்டதாகக் கம்பெனி வாதாடிப் பார்த்தது. பலிக்கவில்லை. 1925ல் கம்பெனிதான் பொறுப்பு என்று முடிவாகி, 6,28,000 டாலர் நஷ்டஈடு கொடுத்தது. முன்பே ஒரு பொறியாளரிடம் கேட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும்?

எனக்கு உறுத்துவது அந்தப் பொருளாளர்தான். நாளைக்கு நம் வகுப்பில் பாதிப்பேர் உட்காரப்போவது அந்த நாற்காலியில். 'சோதனைக்கு இவ்வளவு செலவா?' என்று கோடு கிழிக்கப்போவதும் நாம்தான். நமக்குப் பெரிய சமன்பாடெல்லாம் வேண்டாம். "இது எப்படி ஓடும்? உடைந்தால் என்ன ஆகும்?" என்று தெரிந்தவரிடம் கேட்கும் அளவுக்காவது இயற்பியல் வேண்டும். காமர்ஸ் பாடத்திட்டத்தில் அதற்கென்று ஒரே ஒரு தாள் வைத்தால் குறைந்தா போய்விடும்?

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? திட்டுவதானாலும் திட்டுங்கள். விளக்கெண்ணெய் என்று மட்டும் வேண்டாம்!