கண் ஆப்பரேஷன் பயம்

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளிக்குக் கையைவிடக் கண்தான் முதல். கால் தறிக்குழியில் இருக்கும், கை நாடாவில் இருக்கும். ஆனால் பாவில் ஓர் இழை அறுந்தால் அதைக் கண்டுபிடிப்பது கண்ணேயாகும். உடலும் கரையும் சேருகிற கோர்வையில் இழை பிசகினால் சேலைக்கு மதிப்பில்லை. அப்படிப்பட்ட கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கிய பின்பும், ஆப்பரேஷன் என்றவுடன் ஒன்றுக்குப் பத்துச் சாக்குச் சொல்லி வீட்டில் உட்கார்ந்துவிடுகிற பெரியவர்கள் இவ்வூரில் மாத்திரமல்ல, நாடெங்கும் இருக்கிறார்கள். அவர்களைக் கோழைகள் என்று பரிகாசம் செய்வது நமது நோக்கமல்ல. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது, போவதற்கு வழியென்ன என்பதையே யோசிக்க விரும்புகிறோம்.

கத்திக்குப் பயப்படுவது எப்போதுமே மூடத்தனம் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஒரு காலத்தில் அது நியாயமான பயமாகவே இருந்தது. 1846-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கி ரண சிகிச்சை செய்து காட்டினார்கள். அதற்கு முன்பெல்லாம் ஆள்கள் பிடித்து அழுத்திக்கொள்ள, நோயாளி அலற அலறத்தான் அறுத்தார்கள். 1867-ல் லிஸ்டர் என்னும் டாக்டர் புண் சீழ்பிடிக்காமல் காக்கும் முறையை வெளியிடும் வரையில், கத்திக்குப் பிழைத்தவர்களிலும் பலர் சீழுக்கு இரையானார்கள். கண்ணுக்கோ, புரையை ஊசியால் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுகிற வைத்தியம் நம் நாட்டில் நெடுங்காலம் நடந்தது. அதனால் அடியோடு பார்வை போனவர்கள் அநேகர். பாட்டன் அதைப் பார்த்துப் பயந்தான், தகப்பனிடம் சொன்னான், தகப்பன் நம்மிடம் சொன்னான். கத்தி மாறிவிட்டது, மருந்து மாறிவிட்டது. பயம் மட்டும் பாட்டன் சொத்தாக அப்படியே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

இந்தப் பயத்துக்குச் சோறு போட்டு வளர்ப்பவை வேண்டுதலும் ஜோசியமும். நம் ஊரில் காய்ச்சலுக்கு ஜுரஹரேசுவரர் இருக்கிறார். தலைநோய்க்குக் கச்சபேசர் கோயிலில் கார்த்திகை மாதத்துக் கடை ஞாயிறன்று மண்சட்டி விளக்கைத் தலையில் சுமக்கிறார்கள். பல்லி விழுந்த தோஷத்துக்கு வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொடுகிறார்கள். கண்ணுக்கும் கதை இல்லாமலில்லை. சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரை விட்டு நீங்கியபோது பார்வை இழந்து, காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண்ணைப் பெற்றாராம். வலக்கண்ணைப் பெறத் திருவாரூர் வரை போனாராம். கடவுளுக்கே தோழர் என்று பேரெடுத்தவருக்கு இரண்டு கண்ணும் ஒரே ஊரில் கிடைக்கவில்லை என்றால், தறிக்காரருக்கு எந்த ஊரில் கிடைக்கும் என்று கேட்கிறோம்.

ஜோசியத்தின் கதை இன்னும் வேடிக்கை. செவ்வாய்க்கிழமை ஆகாது, அஷ்டமி நவமி ஆகாது, சந்திராஷ்டமம் ஆகாது என்று ஆப்பரேஷனைத் தள்ளிப்போடுகிற இதே ஜனங்கள், பேரப்பிள்ளை நல்ல நட்சத்திரத்தில் பிறக்கவேண்டுமென்று மருமகளின் வயிற்றை அறுக்க மணியும் நிமிஷமும் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போகிறார்கள். வேண்டும்போது கத்தி நல்லது. வேண்டாதபோது நாள் கெட்டது!

புரை நாள் பார்ப்பதில்லை. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ், பெரும்பாலும் வயதினால், கலங்கிப்போவதே கண்புரை. சொட்டு மருந்தினால் அது தெளியாது. கலங்கினதை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைப்பதே சிகிச்சை. "புரை நன்றாக முற்றட்டும்" என்பது பழைய காலத்துப் பேச்சு. வேலைக்கு இடைஞ்சலாகப் பார்வை மங்கினபோதே செய்துகொள்ளலாம். அளவுமீறி முற்றவிட்டால் ஆப்பரேஷன் கடினமாகும். சிலருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி, மீளாதபடி பார்வை போய்விடும்.

அந்தச் செயற்கை லென்ஸ் எப்படி வந்தது? உலக யுத்தத்தில் விமானக் கூண்டு உடைந்து பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணில் தைத்த விமானிகளை இங்கிலாந்தில் ஹரால்டு ரிட்லி என்னும் டாக்டர் பார்த்தார். சில்லு கண்ணைக் கெடுக்காமல் கிடந்ததைக் கவனித்தார். அதே பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949 நவம்பர் மாதத்தில் லண்டனில் ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். வயதான பிறகு அவரும் தம் கண்ணில் அத்தகைய லென்ஸையே வைத்துக்கொண்டார். நம் நாட்டிலோ, கீல்வாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, அந்த விரல்களாலேயே 1 லக்ஷத்துக்கு மேற்பட்ட கண் ஆப்பரேஷன்கள் செய்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அதன் ஆரோலேப் தொழிற்சாலை 1992 முதல் லென்ஸை இங்கேயே மலிவாகச் செய்து வருகிறது. சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் முகாம்களிலும் ஏழைகளுக்கு இது இலவசம்.

அப்படியானால் ஆபத்தே கிடையாதா? உண்டு. எந்த ரண சிகிச்சையிலும் கொஞ்சம் ஆபத்து உண்டு. கண்ணில் சீழ் பிடிப்பதும் அபூர்வமாக நேரும். அதை மறைத்துத் தைரியம் சொல்வது, விபூதி கொடுத்துத் தைரியம் சொல்வதற்குச் சமானம். ஆகவே பயப்படுகிறவர் செய்யவேண்டியது கேட்பதே. செய்யாவிட்டால் என்ன ஆகும்? எப்படி மரக்கச் செய்வீர்கள்? என் சர்க்கரை வியாதிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் என்ன ஏற்பாடு? எத்தனை நாளில் தறியில் உட்காரலாம்? இவற்றைக் கேட்டால் அநேகருக்குக் கிடைக்கும் பதில்: சொட்டு மருந்தோ ஊசியோ போட்டுக் கண்ணை மட்டும் மரக்கச் செய்வார்கள், வேலை அரைமணி நேரத்துக்குள் முடியும், பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். பதில் சொல்லச் சலித்துக்கொள்கிற டாக்டரானால் வேறொருவரைக் கேளுங்கள். அடுத்த வீட்டில் செய்துகொண்டவர் இருந்தால் அவரிடமும் விசாரியுங்கள். இவ்வளவுக்குப் பின்னும் நெஞ்சு படபடத்தால் வெட்கமில்லை; டாக்டரிடமே சொல்லிவிடலாம், துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம்.

நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுக்க எந்த நெசவாளியும் பயப்படுவதில்லை. மாதக்கணக்கில் பாடுபட்டு நெய்ததாயிற்றே என்று கை நடுங்குவதில்லை. எங்கே அறுப்பது, எதற்கு அறுப்பது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்த இடத்தில் பயம் நிற்பதில்லை. தறியில் இருக்கிற இந்தப் புத்தி ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் ஏன் போய்விட வேண்டும்? தோழர்களே! வீட்டில் கண் மங்கிய பெரியவர் இருந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டாதீர்கள். இந்த வாரமே அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கேட்க வேண்டியதையெல்லாம் அவர் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள்.